ஊர்வலமும் எண்ணெய்க் குழாயும்



காலநிலை பற்றித் தலைவர்கள் பேசும் பேச்சைப் பற்றிப் பேசும்படி என்னை அழைத்திருக்கிறீர்கள். பேச்சைப் பற்றிய பேச்சு என்றால் காற்றில் கரைந்து போகும் அபாயம் உண்டு. அதனால் தேதியும் தொகையுமாகவே தொடங்குகிறேன்.

2019 ஜூன் 17, திங்கட்கிழமை. கனடா நாடாளுமன்றத்தின் கீழவையில் ஒரு தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. நாடு காலநிலை நெருக்கடியில் இருக்கிறது என்று அறிவிக்கும் தீர்மானம். ஆளும் லிபரல் கட்சியே கொண்டுவந்தது. 186 பேர் ஆதரித்தார்கள், 63 பேர் எதிர்த்தார்கள், நிறைவேறியது. மறுநாள் செவ்வாய்க்கிழமை, அதே அரசின் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ செய்தியாளர்கள் முன் வந்து டிரான்ஸ் மவுண்டன் எண்ணெய்க் குழாயை விரிவாக்க ஒப்புதல் தந்துவிட்டதாக அறிவித்தார். ஆல்பர்ட்டா மாகாணத்து எண்ணெய் மணலிலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெயைப் பசிபிக் கரைக்குக் கொண்டுபோகும் குழாய் அது. நாளொன்றுக்கு 3 லட்சம் பீப்பாய் போய்க்கொண்டிருந்த தடத்தில் 8 லட்சத்து 90 ஆயிரம் பீப்பாய் போக வழிசெய்யும் திட்டம்.

படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்று நம் ஊரில் சொல்வோம். இங்கே படித்த நாளுக்கும் இடித்த நாளுக்கும் நடுவே ஒரே ஒரு ராத்திரிதான்.

சரி, அந்தக் குழாய் யாருடையது? அமெரிக்காவின் கிண்டர் மார்கன் நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்தது. வழக்குகளும் பழங்குடி மக்களின் எதிர்ப்பும் பெருகவே, நமக்கு இது வேண்டாம் என்று அந்த நிறுவனம் நழுவப் பார்த்தது. 2018 மே மாதம் கனடா அரசு 450 கோடி கனடா டாலருக்குக் குழாயை வாங்கிக்கொள்வதாக அறிவித்தது. தனியார் கைவிடத் துணிந்த எண்ணெய்த் திட்டத்தை மக்கள் வரிப்பணத்தில் அரசு வாங்கியது. விரிவாக்கம் முடிந்து 2024 மே 1 அன்று எண்ணெய் ஓடத் தொடங்கியபோது கட்டுமானச் செலவு 3,400 கோடி டாலர் அளவுக்குப் போயிருந்தது. இந்தக் குழாயில் வரும் ஒவ்வொரு டாலரையும் தூய எரிசக்திக்கே செலவிடுவோம் என்று ஒப்புதல் தந்த அன்றே அரசு சொல்லிவிட்டது. எண்ணெய் விற்றால்தான் எண்ணெயை விட முடியும் என்பது கணக்கு.

இத்தோடு முடியவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று மொன்றியல் நகரில் லட்சக்கணக்கானோர் திரண்ட காலநிலை ஊர்வலம். சுவீடனின் காலநிலைச் செயற்பாட்டாளர் கிரேட்டா துன்பர்க் வந்திருந்தார். ட்ரூடோ அவரைச் சந்தித்தார். பிறகு குடும்பத்தோடு ஊர்வலத்திலும் நடந்தார். ஊர்வலம் என்பது ஆட்சியில் இருப்பவரை நோக்கிப் போவது. ஆட்சியில் இருப்பவரே அதில் நடந்தால், அவர் யாரிடம் மனு கொடுக்கப் போகிறார்?

அடுத்த வாரம் தேர்தல் விவாத மேடை. அங்கே கன்சர்வேட்டிவ் தலைவர் ஆண்ட்ரூ ஷீயர் ட்ரூடோவை மடக்கினார். எதை வைத்து? பிரசாரத்துக்கு லிபரல்கள் இரண்டு விமானங்கள் வைத்திருக்கிறார்களாம். ஒன்று ட்ரூடோவுக்கும் செய்தியாளர்களுக்கும், இன்னொன்று அவருடைய வேடத் துணிகளுக்கும் படகுக்கும் என்று கிண்டலடித்தார். மறுநாள் பத்திரிகைகள் ரசித்தன. குழாயைப் பற்றி ஷீயர் ஏன் மடக்கவில்லை என்று யோசித்துப் பாருங்கள். அவருக்கும் அந்தக் குழாய் வேண்டும். இன்னும் வேகமாக வேண்டும். ஆகவே விவாதம் விமானத்தில் ஏறிப் பறந்துவிட்டது, குழாய் மண்ணுக்குள் பத்திரமாக இருந்தது.

நான் இன்று சொல்ல வந்தது இதுதான். தலைவர்களின் காலநிலைப் பாசாங்கில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று நடத்தையில் தெரிவது: தனி விமானம், கார் வரிசை, மாநாட்டு விருந்து. மற்றொன்று கணக்கில் ஒளிந்திருப்பது: உரிமம், மானியம், ஒப்புதல், இலக்கு ஆண்டு. முதலாவது கண்ணில் படும், கோபம் வரும், கேலிச்சித்திரம் ஆகும். இரண்டாவதுதான் வானத்தைச் சூடாக்குகிறது. முதலாவதைப் பார்த்துச் சிரிக்கும் பழக்கம் இரண்டாவதைக் காப்பாற்றுகிறது என்பது என் எண்ணம்.

விமானக் கதையை ஒரேயடியாகத் தள்ளவும் மனமில்லை. 2021 நவம்பரில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டைத் தொடங்கிவைத்த பிரிட்டிஷ் பிரதமர் போரிஸ் ஜான்சன், உலகம் நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் முன்னால் நிற்கிறது, வெடிகுண்டில் கடிகாரம் ஓடுகிறது என்று ஜேம்ஸ் பாண்டைத் துணைக்கு அழைத்து உருகினார். மறுநாள் கிளாஸ்கோவிலிருந்து லண்டனுக்கு விமானத்தில் போனார். ரயிலில் சுமார் நாலரை மணி நேரம் பிடிக்கும் தூரம். அன்றிரவு கேரிக் கிளப்பில் பழைய பத்திரிகைத் தோழர்களோடு விருந்து சாப்பிட்டார் என்று செய்தி வந்தது. நேர நெருக்கடி என்று அவர் அலுவலகம் விளக்கியது. இதை வைத்து நாலு நாள் சிரிக்கலாம், சிரித்தார்கள்.

ஆனால் விமானத்திலும் ஒரு கணக்குச் சங்கதி இருக்கிறது, அதைத்தான் யாரும் பேசுவதில்லை. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பறக்கும் விமானத்தின் புகை எந்த நாட்டின் மொத்தக் கணக்கிலும் சேராது. ஐ.நா.வுக்கு அனுப்பும் அறிக்கையில் அதைத் தனியாகக் குறிப்பிடுவார்கள், கூட்டுத்தொகையில் சேர்க்க மாட்டார்கள். சர்வதேசக் கப்பல் போக்குவரத்துக்கும் இதே சலுகை. உலகத் தலைவர்கள் எல்லோரும் பறந்துவந்து இறங்குகிறார்கள், பேசுகிறார்கள், பறந்து போகிறார்கள். ஊர் போய்ச் சேர்ந்தபின் பார்த்தால், அந்தப் புகை எவர் பேரேட்டிலும் இல்லை!

பேரேடு என்றதும் நார்வேக்குப் போகவேண்டும். காலநிலை விஷயத்தில் நல்ல பிள்ளை என்று பெயரெடுத்த நாடு. அங்கே 2024ல் விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது மின்சாரக் கார். வளங்குன்றா வளர்ச்சி என்ற கருத்தை 1987ஆம் ஆண்டு அறிக்கையால் உலகெங்கும் பரப்பிய ஐ.நா. ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் அந்த நாட்டுப் பிரதமர் குரோ ஹார்லெம் புருண்ட்லண்ட். அமேசான் காட்டைக் காக்கும் நிதிக்கு அதிகம் கொடுத்த நாடும் அதுதான். 1969ல் வடகடலில் எகோஃபிஸ்க் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து நார்வேயின் செல்வம் ஊறும் இடம் எது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

அங்கே யோஹான் ஸ்வெர்ட்ரூப் என்று ஒரு வயல். 2019 அக்டோபரில் உற்பத்தி தொடங்கியது. சுமார் 270 கோடி பீப்பாய் இருப்பு. இதை நடத்துவது ஈக்வினார். அந்த நிறுவனத்தில் அரசுக்கு 67 சதவீதப் பங்கு. முன்பு ஸ்டேட்டாயில் என்று பெயர், 2018ல் எண்ணெயைப் பெயரிலிருந்து மட்டும் எடுத்துவிட்டார்கள். வயலில் இருந்த எண்ணெயை எடுக்காமலா இருந்தார்கள்? அந்த வயலின் கடல் மேடைகளுக்குக் கரையிலிருந்து கேபிள் போட்டு நீர்மின்சாரம் கொண்டுபோகிறார்கள். அதனால் ஒரு பீப்பாயை எடுக்கும்போது வெளியாகும் கரியமில வாயு ஒரு கிலோவுக்கும் குறைவு. உலகிலேயே சுத்தமான எண்ணெய்களில் ஒன்று என்று விளம்பரம் செய்கிறார்கள். பொய் இல்லை. அந்தப் பீப்பாயை எரித்தால் வெளியாவது 400 கிலோவுக்கு மேல். அந்த 400 கிலோ எரித்த நாட்டின் கணக்கில் போகும். எடுத்த நாட்டின் கணக்கில் அந்த ஒரு கிலோகூட முழுதாக ஏறாது.

நமக்கு இது புரியாத விஷயமா? பாட்டிலில் மது நாட்டுக்கும் வீட்டுக்கும் உயிருக்கும் கேடு என்று அச்சடித்து, அதே கவுண்டரில் அரசே விற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கடைக்குச் சூரிய மின்தகடு போட்டுவிட்டு, எங்கள் ஊழியர் எவரும் குடிப்பதில்லை என்று அறிக்கை விட்டால் எப்படி இருக்குமோ, அப்படி.

இந்தக் கணக்கு முறை யாரும் சதி செய்து புகுத்தியது இல்லை. 1990களில் ஐ.நா. காலநிலை உடன்படிக்கை உருவானபோது, எங்கே எரிகிறதோ அந்த நாட்டின் பொறுப்பு என்று வகுத்தார்கள். ஒரே புகையை இரண்டு நாடுகள் கணக்கில் எழுதிக் குழப்பிவிடக் கூடாது என்பது நியாயமான காரணம். ஆனால் அந்த நியாயமான விதிக்குள் ஒரு வசதியான வீடு கட்டிக்கொண்டு எண்ணெய் ஏற்றுமதி நாடுகள் குடியேறிவிட்டன. ட்ரூடோ 2017ல் ஹூஸ்டனில் எண்ணெய்த் துறையினர் மாநாட்டில், 17,300 கோடி பீப்பாய் எண்ணெயை மண்ணுக்குள் கண்டுபிடித்த எந்த நாடும் அதை அப்படியே விட்டுவைக்காது என்று பேசிக் கைதட்டல் வாங்கினார். பாரிஸ் காலநிலை மாநாட்டில் பேசியதும் ஹூஸ்டனில் பேசியதும் அவர் மனதில் மோதிக்கொள்ளவே இல்லை. ஏன் மோதவேண்டும்? அந்த எண்ணெயில் பெரும்பங்கு எரியப்போவது அமெரிக்காவில், ஆசியாவில்.

இந்த வீட்டுச் சுவரில் முதல் பெரிய விரிசல் விழுந்தது இங்கிலாந்தின் ஒரு மாவட்ட மன்றத்தின் கோப்பால். காட்விக் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஹார்ஸ் ஹில் என்று ஓர் இடம். அங்கே இருபது ஆண்டுகள் எண்ணெய் எடுக்க சர்ரே மாவட்ட மன்றம் அனுமதி தந்தது. சுற்றுச்சூழல் மதிப்பீட்டில் கிணற்று வளாகத்துக்குள் வரும் புகையை மட்டும் கணக்கிட்டிருந்தார்கள்: சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் டன். எடுத்த எண்ணெய் எரியும்போது வருவது ஒரு கோடி டன்னுக்கும் மேல். அதைக் கணக்கிடவே இல்லை. உள்ளூர்க்காரர்கள் சார்பில் சாரா ஃபிஞ்ச் வழக்குப் போட்டார். கீழே எல்லா நீதிமன்றங்களிலும் தோல்வி. கடைசியில் 2024 ஜூன் 20 அன்று உச்ச நீதிமன்றம், ஐந்து நீதிபதிகளில் மூவர் ஒருமித்து, எண்ணெய் எடுப்பது எரிப்பதற்காகத்தானே, அந்தப் புகையைக் கணக்கில் காட்டாமல் தந்த அனுமதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. அனுமதி தரவே கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. எதற்கு அனுமதி தருகிறாய் என்பதைத் தாளில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடு என்றது. நான் சொல்லும் இரண்டாம் ரகப் பாசாங்குக்கு இதைவிடச் சரியான மருந்து எனக்குத் தெரியவில்லை.

அந்த மருந்து வேலை செய்தது. 2022 டிசம்பரில் வைட்ஹேவன் என்ற ஊரில் புதிய நிலக்கரிச் சுரங்கத்துக்கு பிரிட்டிஷ் அரசு அனுமதி தந்திருந்தது. கிளாஸ்கோ மாநாட்டின் தலைமைப் பொறுப்பை எகிப்திடம் ஒப்படைத்து ஒரு மாதந்தான் ஆகியிருந்தது! நிலக்கரியைக் கைவிடுங்கள் என்று ஆண்டு முழுக்க உலகத்துக்குச் சொன்னவர்கள், நாற்காலியிலிருந்து இறங்கிய கையோடு சுரங்கம் திறக்கப் போனார்கள். 2024 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது. காரணம், ஃபிஞ்ச் தீர்ப்பு.

இப்போது ஒரு எச்சரிக்கை. பாசாங்கு என்று குற்றம் சாட்டுவது மிகச் சுலபமான ஆயுதம். அதை முதலில் கையில் எடுப்பவர் பெரும்பாலும் நம் பக்கத்து ஆள் இல்லை. 2019 ஆகஸ்டில் அமேசான் காடழிப்பு வேகமெடுத்தபோது, நார்வே தன் நிதியை நிறுத்திவைத்தது. பிரேசில் அதிபர் ஜயிர் பொல்சொனாரோ என்ன சொன்னார்? வட துருவத்தில் திமிங்கிலம் கொல்கிற, எண்ணெய் எடுக்கிற நாடுதானே நார்வே, எங்களுக்குப் பாடம் சொல்ல அவர்களுக்கு என்ன இருக்கிறது என்றார். திமிங்கில வேட்டைக் காட்சி என்று ஒரு வீடியோவும் போட்டார். அது நார்வேயில் எடுத்ததே இல்லை, டென்மார்க்கின் ஆளுகையில் உள்ள ஃபரோ தீவுகளில் எடுத்தது என்று பிறகு தெரிந்தது. வீடியோ தப்பு, எண்ணெய் பற்றிச் சொன்னது சரி. அந்தச் சரியை வைத்துக்கொண்டு அவர் செய்தது காட்டை எரியவிட்டது. ஆகவே யாராவது ஒருவர் பாசாங்கு என்று கத்தினால், உடனே கைதட்டாமல், அப்படியானால் நீங்கள் என்ன நிறுத்தப் போகிறீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது.

நம் வீட்டுக் கதையைச் சொல்லாமல் ஊரார் கதையை மட்டும் சொல்லிப் போனால் நீங்களே என்னைக் கேட்பீர்கள். 2023 ஜூலை 28, வெள்ளிக்கிழமை. சென்னையில் ஜி20 நாடுகளின் சுற்றுச்சூழல், காலநிலை அமைச்சர்கள் கூட்டம். பிரதமர் நரேந்திர மோதி காணொளி வழியாகத் தொடக்க உரை ஆற்றினார். திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்திலிருந்து, மேகம் வாங்கியதைத் திருப்பித் தராவிட்டால் கடலும் வற்றும் என்ற பொருள் தரும் குறளைச் சொல்லி ஆரம்பித்தார். அரங்கில் தமிழர்களுக்குப் பெருமையாகத்தான் இருந்திருக்கும். அதே நாள், சுமார் 200 கிலோமீட்டர் தெற்கே நெய்வேலியில் கல்வீச்சு, தடியடி. இரண்டு நாள் முன்பு, கடலூர் மாவட்டம் வளையமாதேவியில் கதிர்விடும் பருவத்தில் நின்ற நெற்பயிரின் மேல் மத்திய அரசின் என்.எல்.சி. நிறுவனம் மண்வாரி இயந்திரங்களை இறக்கியிருந்தது. நிலக்கரிச் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்டவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்திய நிலம், பணமும் கொடுத்தாயிற்று என்றது நிறுவனம். அறுவடை வரைக்கும் பொறுக்கக்கூடாதா என்றார்கள் விவசாயிகள். பாதுகாப்புக்கு நின்றது மாநிலக் காவல்துறை. அந்த மாநில அரசுதான் அதற்கு முந்தைய ஆண்டு காலநிலை மாற்ற இயக்கம் தொடங்கிப் பாராட்டு வாங்கியிருந்தது. சென்னைக் கூட்டமோ உமிழ்வைக் குறைப்பதில் ஒருமித்த முடிவு எட்டாமல் கலைந்தது.

இந்தியாவை ட்ரூடோவின் கனடாவோடு ஒரே தராசில் வைக்க நான் தயாரில்லை. தலைக்குக் கணக்கிட்டால் ஓர் இந்தியர் ஆண்டுக்குச் சுமார் 2 டன் கரியமில வாயுவுக்குக் காரணம். ஒரு கனடாக்காரர் 14 டன்னை ஒட்டி. நூறாண்டுக்கு மேல் எரித்துத் தீர்த்தவர்கள் அவர்கள். 2020க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் ஏழை நாடுகளுக்குத் திரட்டித் தருவதாக 2009ல் கோபன்ஹேகனில் வாக்குக் கொடுத்து, அவர்கள் கணக்குப்படியே 2022ல்தான் அதை எட்டினார்கள். இந்த வாதம் முழுக்க நியாயம். ஆனால் இந்த நியாயம் யாருக்குச் சொந்தம்? அந்த 2 டன் என்பது வளையமாதேவி விவசாயியையும் தாழ்வாரத்தில் தூங்கும் கூலித்தொழிலாளியையும் சேர்த்து வகுத்த சராசரி. அவர்களுடைய வறுமையை டெல்லி உலக மாநாடுகளில் கேடயமாகப் பிடிக்கிறது; திரும்பி வந்து அவர்கள் வயலிலேயே இயந்திரத்தை இறக்குகிறது. 2020 ஜூனில் 41 நிலக்கரிப் படுகைகளைத் தனியாருக்கு ஏலம் விடத் தொடங்கினார்கள். 2024-25ல் நாட்டின் நிலக்கரி உற்பத்தி 100 கோடி டன்னைத் தாண்டியபோது அது சாதனை என்று கொண்டாடப்பட்டது. 2070ல் நிகர பூஜ்ய உமிழ்வு என்பது கிளாஸ்கோவில் தந்த வாக்கு.

2070. இந்த ஆண்டெண்ணைக் கொஞ்சம் பாருங்கள். பெரும்பாலான பணக்கார நாடுகளின் இலக்கு 2050. சீனா 2060. வாக்குக் கொடுத்தவர்களில் எவரும் அன்று பதவியில் இருக்க மாட்டார்கள், பெரும்பாலோர் உயிரோடும் இருக்க மாட்டார்கள். இந்தக் கோளாறை முதலில் தெளிவாகச் சொன்னவர்களில் ஒருவர் மார்க் கார்னி. 2015 செப்டம்பரில், பிரிட்டனின் மத்திய வங்கித் தலைவராக லண்டன் லாயிட்ஸ் காப்பீட்டு மண்டபத்தில் பேசும்போது, காலநிலையின் அடி விழப்போவது இன்றைய அரசியல்வாதி, வங்கியாளர் பதவிக்காலங்களுக்கு அப்பால், அதனால்தான் எவருக்கும் இன்றே தடுக்கும் அவசரம் இல்லை என்று விளக்கினார். மிக நல்ல உரை. பிறகு ஐ.நா.வின் காலநிலை நிதித் தூதராகவும் இருந்தார். 2025 மார்ச்சில் அவர் கனடாவின் பிரதமரானார். பதவியேற்ற அன்றே செய்த காரியம், பொதுமக்கள் எரிபொருளுக்குக் கட்டும் கார்பன் வரியை நீக்கியது. ட்ரூடோ உருப்படியாகச் செய்த ஒன்றிரண்டில் அந்த வரியும் ஒன்று, சொல்லிவிடவேண்டும். நவம்பரில் ஆல்பர்ட்டா அரசோடு, பசிபிக் கரைக்கு இன்னொரு எண்ணெய்க் குழாய்க்கு வழிசெய்யும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். தேர்தல் காலத்தின் குறுகிய பார்வை பற்றி உலகுக்கு விளக்கியவரை, தேர்தல் காலம் விழுங்க ஒன்பது மாதங்கூடத் தேவைப்படவில்லை.

அந்த ஒப்பந்தம் கையெழுத்தான அன்றைக்கு அமைச்சரவையிலிருந்து ஒருவர் ராஜினாமா செய்தார்: ஸ்டீவன் கில்போ. இந்த மனிதரை எந்தக் கட்டத்தில் வைப்பது என்று எனக்கு இன்றுவரை குழப்பம்தான். 2001ல் கிரீன்பீஸ் செயற்பாட்டாளராக டொரண்டோவின் சி.என். கோபுரத்தில் ஏறிப் பதாகை கட்டிக் கைதானவர். இருபது ஆண்டு கழித்து நாட்டின் சுற்றுச்சூழல் அமைச்சர். 2022 ஏப்ரல் 4 அன்று, புதைபடிவ எரிபொருளை வேகமாகக் குறைத்தே தீரவேண்டும் என்று ஐ.நா. விஞ்ஞானிகள் குழுவின் அறிக்கை வந்தது. 6ஆம் தேதி, நியூஃபவுண்ட்லாந்து கடலில் பே டு நோர் எண்ணெய்த் திட்டத்துக்கு அவரே ஒப்புதல் தந்தார். கோபுரத்தில் ஏறிய கைதான் அந்தக் கோப்பில் கையெழுத்தும் போட்டது. திட்டத்தின் முதலாளி யார் தெரியுமா? நம் நார்வே ஈக்வினார்தான். அப்போது விலகாத கில்போ, மூன்றரை ஆண்டு கழித்து விலகினார். அவரைப் பாசாங்குக்காரர் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. உள்ளே இருந்தால் கொஞ்சமாவது சாதிக்கலாம் என்று நம்பித்தான் நல்லவர்கள் உள்ளே போகிறார்கள். எந்தக் கையெழுத்தோடு வெளியே வரவேண்டும் என்பதைத்தான் யாரும் முன்கூட்டி முடிவு செய்வதில்லை.

இவ்வளவு சொன்னபின் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. டொனால்ட் டிரம்ப் பாசாங்கு செய்வதில்லை. காலநிலை மாற்றமே புரளி என்கிறார். பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து ஒருமுறைக்கு இருமுறை விலகுகிறார், இரண்டாம் முறை 2025 ஜனவரி 20, பதவியேற்ற நாளிலேயே. ஜோ பைடனோ, அரசு நிலத்தில் இனி எண்ணெய் தோண்ட விடமாட்டேன் என்று 2020ல் பிரசாரம் செய்துவிட்டு, 2023 மார்ச்சில் அலாஸ்காவின் வில்லோ திட்டத்துக்கு அனுமதி தந்தார். அந்த ஆண்டு அமெரிக்கா எடுத்த எண்ணெய், வரலாற்றில் எந்த நாடும் எந்த ஆண்டும் எடுத்திராத அளவு. அப்படியென்றால் வெளிப்படையாக மறுப்பவர் மேலா என்று கேட்கிறார்கள்.

என் பதில் இல்லை என்பதுதான். காரணம் நல்லெண்ணம் இல்லை, வாக்குமூலம். வாக்குக் கொடுத்தவனைத்தான் வழக்குமன்றத்துக்கு இழுக்க முடியும். 2019 டிசம்பரில் நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றம், உமிழ்வை 1990 அளவிலிருந்து 2020க்குள் குறைந்தது 25 சதவீதம் குறைத்தே ஆகவேண்டும் என்று அரசுக்குக் கட்டளையிட்டபோது, அரசு தானே ஏற்றுக்கொண்ட அறிவியலையும் உடன்படிக்கைகளையும்தான் ஆதாரமாக எடுத்தது. அதே ஆண்டில் வனுவாட்டு தீவு நாட்டில் தென்பசிபிக் பல்கலைக்கழகத்தில் படித்த 27 சட்ட மாணவர்கள் ஒரு யோசனையைத் தொடங்கினார்கள்: காலநிலை விஷயத்தில் நாடுகளின் சட்டக் கடமை என்ன என்று சர்வதேச நீதிமன்றத்திடமே கேட்டால் என்ன? அது வளர்ந்து 2023ல் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானமாகி, 2024 டிசம்பரில் ஹேக் நகரில் விசாரணைக்கு வந்தது. அங்கே வேடிக்கை பாருங்கள். மேடை தோறும் பாரிஸ் ஒப்பந்தத்தைப் புகழ்ந்துவந்த அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா எல்லாம் வந்து, அந்த ஒப்பந்தத்துக்கு மேல் எங்களுக்குக் கடமை எதுவும் இல்லை என்று வாதாடின. சவூதி அரேபியாவும் அதையே சொன்னது. ஏற்கெனவே உள்ள ஒப்பந்தங்களுக்கு வெளியே புதுக் கடமை எதையும் நீதிமன்றம் உண்டாக்கிவிடக் கூடாது என்று இந்தியாவும் சொன்னது. மாநாட்டில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளும் நாடுகள் ஹேக்கில் ஏறத்தாழ ஒரே குரலில் பேசின.

2025 ஜூலை 23 அன்று நீதிபதிகள் ஒருமனதாகக் கருத்துரைத்தார்கள். அந்த வாதத்தை ஏற்கவில்லை. புதைபடிவ எரிபொருளை எடுப்பது, எரிப்பது, தேடுவதற்கு உரிமம் தருவது, மானியம் கொடுப்பது ஆகியவற்றில் உரிய நடவடிக்கை எடுக்கத் தவறுவது சர்வதேசச் சட்டப்படி முறைகேடான செயலாகலாம் என்றார்கள். இது ஆலோசனைக் கருத்துதான், எவரையும் சிறையில் போடாது. ஆனாலும் உரிமம் என்ற சொல் அங்கே பதிவாகிவிட்டது. எரித்தவன் கணக்கு என்று இத்தனை காலம் ஒதுங்கி நின்றவர்களுக்கு அது பழக்கமில்லாத சங்கதி.

மணி ஆகிறது என்று அமைப்பாளர் ஜாடை காட்டுகிறார். ஒரு கோப்பைப் பற்றி மட்டும் சொல்லி முடிக்கிறேன். ஷெட்லாந்து தீவுகளுக்கு மேற்கே ரோஸ்பேங்க் என்று ஓர் எண்ணெய் வயல். அதிலும் பெரும்பங்கு ஈக்வினாருடையதாக இருந்தது. 2023 செப்டம்பரில் ரிஷி சுனக் அரசு அனுமதி தந்தது. அன்று எதிர்க்கட்சியில் இருந்த எட் மிலிபாண்ட் அதைக் காலநிலைக்கு எதிரான நாசவேலை என்றார். 2025 ஜனவரியில் எடின்பரோ நீதிமன்றம், ஃபிஞ்ச் தீர்ப்பைக் காட்டி அந்த அனுமதியை ரத்து செய்தது. எரிக்கும் புகையையும் கணக்கிட்டு மறுபடி விண்ணப்பியுங்கள் என்றது. அக்டோபரில் நிறுவனம் கணக்கிட்டுக் கொடுத்தது: ஏறத்தாழ 25 கோடி டன். விண்ணப்பம் எரிசக்தித் துறைக்குப் போனது. அப்போது அந்தத் துறைக்கு அமைச்சர் எட் மிலிபாண்ட்.